சித்திகா அக்காவின் தகரக் கப்பல் கிடைத்த விவரம்

சாத்தூர்,
திங்கட்கிழமை

என் மரியாதைக்குரிய சித்திகா அக்காவுக்கு, தம்பி அப்துல் ஹக்கீம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் வீட்டுக்காரி ருமானாவும் இங்கே நலம். கோயம்புத்தூரில் உங்கள் முழங்கால் வலியும் மச்சானின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க துஆ செய்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வரி பேசினால் நீங்கள் ஒன்பது வரி பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல சேதி. கப்பல் இருக்கிறது, ஓடுகிறது. வெள்ளிக்கிழமை நீங்கள் தாராளமாக வரலாம். "என் கப்பலைக் கண்ணுல காட்டுனாத்தான் வாசப்படி மிதிப்பேன், இல்லன்னா ஸ்டேஷன்லயே திரும்பிருவேன்" என்று போன வாரம் நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "பத்திரமா இருக்குக்கா, தினமும் தொடைச்சு வைக்கேன்" என்று நான் சொன்னது சுத்தப் பொய். பத்து வருஷம் கழித்து வருகிற அக்காவை ஒரு தகரக் கப்பலுக்காக இழந்துவிடுவேனோ என்று பயந்தே போனேன்.

அத்தா ஆடி மாதம் இருக்கன்குடித் திருவிழாவில் வளையல் கடை போட்டுவிட்டுத் திரும்பும்போது ஆளுக்கொன்றாக வாங்கிவந்தாரே, திரியைக் கொளுத்தி வைத்தால் தண்ணீரில் டுப் டுப்பென்று சுற்றுமே, அந்தக் கப்பல். சண்டை வரக்கூடாதென்று அடியில் ஆணியால் உங்களுக்கு 'சி', எனக்கு 'ஹ' என்று கீறியும் கொடுத்தார். ஒரே மாதத்தில் என் கப்பலை நீங்கள் கிணற்றில் போட்டுவிட்டீர்கள். நான் அழுதேன், அத்தா உங்களுக்கு மூன்று அடி கொடுத்து உங்கள் கப்பலை எனக்குக் கொடுத்தார். எனக்கு அப்போது ஏழு வயது, உங்களுக்குப் பன்னிரண்டு. "ஏலே, நான் தொடவே இல்லலே" என்று நீங்கள் இன்றுவரை சாதிக்கிறீர்கள். போகட்டும், நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். வருஷத்துக்கு இரண்டு தடவை ஞாபகப்படுத்துவேனே தவிர மனதில் வைத்துக்கொண்டதில்லை.

சனிக்கிழமை காலை ருமானா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மதினி வர்ற வீடா இது? ஒட்டடையைப் பாருங்க, ஊஞ்சலே கட்டலாம்" என்று ஆரம்பித்தாள். பரணில் ஏறியது நான், கீழே நின்று அதட்டியது அவள். சிவகாசி பிரஸ்ஸில் முப்பத்தெட்டு வருஷம் அடித்த பட்டாசு லேபிள்களில் மாதிரிக்கு ஒன்று, காலிப் பட்டாசு அட்டைப்பெட்டிகள், இவற்றுக்கெல்லாம் அடியில் கப்பல் கிடந்தது. உடம்பெல்லாம் துரு. "இதையா தினமும் தொடைச்சீக?" என்றாள். புளி போட்டுத் தேய்த்து, மண்ணடைத்த குழாய்களைப் பழைய ஸ்டவ் ஊசியால் குத்தி எடுத்து, மதியத்துக்குள் தகரம் தகரமாகத் தெரிய வைத்துவிட்டேன். அடியில் 'சி' பளிச்சென்று இருந்தது.

அதோடு விட்டிருக்க வேண்டும். பிரஸ்காரன் கை சும்மா இருக்குமா? ரிட்டையர் ஆகும்போது கொண்டுவந்த மை டப்பாக்களில் மூன்று கல்லாகிக் கிடந்தன, மெஜந்தா மட்டும் உயிரோடு இருந்தது. அந்தக் கண்ணைப் பறிக்கும் ரோஸை அடிப்பக்கம் தவிர்த்து எங்கும் பூசினேன். காகிதம் மையைக் குடிக்கும், தகரம் குடிக்காது என்ற சின்ன விஷயம் முப்பத்தெட்டு வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. காயட்டும் என்று காலி அட்டைப்பெட்டியில் வைத்து மாடிப்படியில் விட்டுவிட்டு லுஹர் தொழப் போனேன். திரும்பி வந்தால் படி காலி. "அட்டை அம்புட்டையும் பழைய பேப்பர்க்கார மணிகண்டராஜுகிட்ட போட்டுட்டேன், இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்கிறாள். அவர் தகரம் கிடைத்தால் கல்லால் தட்டிச் சப்பையாக்கித்தான் சாக்கில் போடுவார், அது எனக்குத் தெரியும். எந்தத் தெருப்பக்கம் போனாரோ, அது தெரியாது. அப்போதுதான் பார்த்தேன், எங்கள் கேட் கொண்டியில் ஒரு ரோஸ் கட்டைவிரல் அச்சு. நாலு வீடு தள்ளி ஒரு ஆட்டின் காதில் ரோஸ். டீக்கடை கிளாஸில் ஐந்து விரலும் ரோஸ். அந்த ரோஸைப் பிடித்துக்கொண்டே செருப்பில்லாமல் ஓடினேன். தெருக்குழாயடியில் மணிகண்டராஜ் கை தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன சாயம் பாய் இது, மூணு தடவ சோப்பு போட்டும் போவ மாட்டேங்கு! கையைக் களுவிட்டு அந்தத் தகரத்தைத் தட்டலாம்னு இருக்கேன்" என்றார். நான் கப்பலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காயாத மையால் பிழைத்தது, அக்கா. மை மட்டும் காய்ந்திருந்தால் கப்பல் சப்பை.

மாலை குளியல் தொட்டியில் விட்டோம். தீப்பெட்டி ஊரில் இருந்துகொண்டு ஒரு திரிக்கு ஒன்பது குச்சி செலவானது. பத்தாவது குச்சியில் டுப் டுப் என்றது. ருமானா கை தட்டினாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி நிம்மதியாகத் தூங்குவேன். மை இன்னும் காயவில்லை, அதனால் வெளிர் நிறச் சேலை வேண்டாம். மச்சானுக்கு என் சலாம். அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வஸ்ஸலாம்.

உங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
அப்துல் ஹக்கீம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ருமானா என் பள்ளிக்கூடத்து டிரங்குப் பெட்டியோடு வந்து நிற்கிறாள். சாவி தொலைந்து ஐம்பது வருஷமான பூட்டை அம்மிக் குழவியால் உடைத்துவிட்டாள். உள்ளே என் காக்கி டவுசர். டவுசருக்குள் சுருட்டி வைத்த ஒரு கப்பல், அடியில் 'ஹ'. கூடவே என் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'அக்கா எடுக்கக் கூடாது.' ஒளித்து வைத்தவனே மறந்திருக்கிறேன். மேலே 'மன்னித்துவிட்டேன்' என்று எழுதியதை அழிக்கப் பார்த்தேன், இந்தப் பேனா மை மட்டும் உடனே காய்ந்து தொலைக்கிறது. அந்த மூன்று அடியும் எனக்கு வர வேண்டியவை, அக்கா. ஸ்டேஷனிலேயே திரும்பிவிடாதீர்கள். கையில் இரண்டு கப்பலோடும், விரல் பத்திலும் ரோஸ் கறையோடும் ஒருவன் பிளாட்பாரத்தில் நிற்பான். நீங்கள் அடிக்க வேண்டிய ஆள் அவன்தான்.