மூன்று ஆம்பியரைக் காணோம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டாரில் மூன்று ஆம்பியரைக் காணவில்லை என்று ஓம் சாமி அறிவித்தார். ஆட்டைக் காணோம், மாட்டைக் காணோம் என்று அலைந்தவர்களை எங்கள் காமயகவுண்டன்பட்டி நிறையப் பார்த்திருக்கிறது. ஆம்பியரைக் காணோம் என்று பதறியவர் கம்பம் பள்ளத்தாக்கிலேயே அவர் ஒருவர்தான்.

சாமி என்றதும் காவி வேட்டியை நினைக்க வேண்டாம். மோட்டாருக்குள் செப்புக் கம்பியைச் சுற்றிக் ‘காயில்’ கட்டுவது அவர் தொழில். எந்த மின்சாதனத்தைக் கண்டாலும் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து, “இத்தனை ஓம்” என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்; இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இந்த மனிதர் நாள் முழுக்க ஓம் ஓம் என்கிறாரே என்று, பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்மணி அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனார். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

கம்பத்தில் ஒரு கடைக்கு வெந்நீர் ஹீட்டர் வாங்கப் போனபோது அவரைத் துணைக்கு அழைத்துப் போனது என் தவறு. ஆயிரத்தைந்நூறு வாட்ஸ் என்றார் கடைக்காரர். சாமி ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். ஹீட்டரை அதில் போட்டு, ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்தார்.

“இருநூத்தி முப்பது வோல்ட்டு, நாலு ஆம்ப்பு. பெருக்குங்க. தொள்ளாயிரத்து இருபது. மிச்ச ஐந்நூத்தி எம்பது வாட்ஸ வீட்டுல வச்சுட்டு வந்துட்டீகளா?”

கடைக்காரர் ஹீட்டரை உள்ளே வைத்தார். எங்களை வெளியே வைத்தார்.

குடும்பச் சண்டைக்கும் அவரிடம் இதே கணக்குதான். “மாமியா கத்துறது வோல்ட்டு. மருமக காதுல ஏறுறது ஆம்ப்பு. வகுத்தா வாரது ஓம்ஸு. எங்க வீட்டுல வகுக்கவே முடியல தங்கச்சி. ஆம்ப்பு சைபரு!”

அப்படிப்பட்டவர் செவ்வாயன்று மோட்டார் அறையில் சிரிக்காமல் நின்றார்.

“தங்கச்சி, போற ஒயருல பத்து ஆம்ப்பு. திரும்பி வார ஒயருல ஏழு. மூணு எங்க?”

“மோட்டாரு ஓடுதுல்லண்ணே?”

“ஓடுது. மூணை யாரு குடிக்கிறான்னு கேக்குறேன். இருநூத்தி முப்பதை மூணால வகுத்தா எழுபத்தாறே சொச்சம் ஓம்ஸு. பெருக்குனா அறுநூத்தித் தொண்ணூறு வாட்ஸு. மண்ணுக்குள்ள இஸ்திரிப் பெட்டியவா பொதச்சு வச்சிருக்கீக?”

என் கணவர் சிரித்தார். “கசிஞ்சா பீஸு போயிருக்கணும்ல சாமி?”

“பதினஞ்சு ஆம்ப்பு பீஸு பத்துக்கு எப்பிடிய்யா போகும்? கேபிள் பூராத்தையும் பாக்கணும். மோட்டார நிறுத்துங்க.”

கவாத்து வெட்டி முடிந்து கொடி துளிர்க்கும் நேரம். தண்ணீர் நிற்கக் கூடாது. “நாளைக்குப் பாப்பம்ணே” என்று சொன்னது நான்தான். கணவர் அல்ல, நான். சாமி ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் சாக்பீஸால் ‘மூணு ஆம்ப் காணவில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். அதைப் பார்த்து அன்று முழுவதும் வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை சாரல். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தர்ஷினி, சேற்றில் வழுக்குகிறது என்று செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் போனாள். திராட்சைப் பந்தல் என்பது கல்தூண்களின் மேல் இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பி வலை. எங்கோ ஓர் இடத்தில் கேபிளின் தோல் அந்தக் கம்பியில் உரசித் தேய்ந்திருந்தது. காணாமல் போன மூன்று ஆம்பியரும் பந்தல் முழுக்கப் பரவி, கடைசித் தூணின் இழுப்புக் கம்பி வழியே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு துளிரைப் பார்க்கக் கையை உயர்த்தினாள். உயர்த்தியபடியே நின்றாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து அதட்டக்கூடச் செய்தேன். அதற்குள் கணவர் மோட்டார் அறைக்கு ஓடிப் பீஸ் கட்டையைப் பிடுங்கினார். அவள் துணி விழுவதுபோல் விழுந்தாள்.

தேனியில் மருத்துவமனை. உள்ளங்கை கருகியிருந்தது. அதைவிட, இதயத் துடிப்பு சீராக இல்லை, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கட்டிலருகே உட்கார்ந்து மருந்துச் சீட்டின் பின்பக்கம் நானும் கணக்குப் போட்டேன். நனைந்த உடம்புக்கு ஆயிரம் ஓம் என்று வைத்தால், இருநூற்று முப்பதை ஆயிரத்தால் வகுத்து, ஓர் ஆம்பியரில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதியே இதயத்தை நிறுத்தப் போதும் என்கிறார்கள். இன்றும் சுவிட்சைத் தொடும்போதெல்லாம் அந்த வகுத்தல் தானாக நடக்கிறது.

ஊரே ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து போனது. சாமி மட்டும் வரவில்லை. ஒரு முழம் விடாமல் எங்கள் கேபிளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார்கள். அவர் வராததில் எனக்கு ஒரு நிம்மதி. வந்தால் “நான் சொன்னேன்ல?” என்று கேட்பார்.

மூன்றாம் நாள் துடிப்பு சீராகி, தர்ஷினி கஞ்சி கேட்ட பிறகு அவர் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அவள் கட்டிலருகே போய் நின்றார்.

“ஆத்தா, கணக்கு சரியாத்தேன் வந்துச்சு. சொல்லிப்புட்டு வீட்டுக்குப் போயிட்டேன். பீஸப் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டுல்ல போயிருக்கணும்?”

அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, கம்மிய குரலில் கேட்டாள்: “மாமா, எம்மேல எத்தனை ஆம்ப்பு போயிருக்கும்?”

சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தக் கணக்க மட்டும் நான் போட மாட்டேன் ஆத்தா.”