டீச்சர் காரும் எலி கடித்த ஒயரும்

வெட்கப்படுவதை முழுநேர வேலையாகவே செய்த மனிதர் பெங்களூரில் ஒருவர்தான் இருந்தார். ஈஜிபுராவில் என் மாடி அறைக்குக் கீழே கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பெயர் என்னவோ, எல்லோருக்கும் அவர் 'ஸ்கேனர்'.

கோலார் தங்கவயல்காரர். காரில் சொருகினால் இன்ஜின் கோளாறை 'கோடு' என்கிற எண்ணாகக் காட்டும் ஒரு கருவியை, அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத காலத்திலேயே வாங்கிவிட்டார். அதன் ஒயரை டாக்டர் போலக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் டீக்கடைக்கே போவார். எண் எந்தப் பாகத்தைச் சொல்கிறதோ, அதைக் கழற்றிப் புதிது மாட்டுவார். மறுபேச்சே கிடையாது.

ஒருநாள் விவேக் நகரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஓடும்போதே கார் நின்றுவிடுகிறதாம். ஸ்கேனர் கருவியைச் சொருகிப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

"கிராங்க் சென்சார் செத்துப்போச்சு டீச்சர்! இன்ஜின் சுத்துதா இல்லியான்னு சேதி சொல்றதே அதுதான்."

"வேற எதுனா இருக்கப்போவுது, நல்லா பாருங்க."

"மிஷினே சொல்லுது. அதுக்கு மேல நான் யாரு?"

புது சென்சார் மாட்டினார். அந்த வியாழக்கிழமை, குழந்தை இயேசு கோவில் கூட்டத்துக்கு நடுவில் கார் நின்றது. பின்னால் பஸ்களும் ஆட்டோக்களும் அலறின. ஸ்கேனர் ஓடிப்போய்ப் பார்த்தார். அதே எண். "புதுசும் டூப்ளிகேட்!" என்று இன்னொன்று மாட்டினார். அடுத்த வியாழன், அதே கோவில், அதே அலறல்.

இம்முறைதான் கருவியைக் கீழே வைத்துவிட்டு, சென்சாருக்குப் போகும் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். பாதியில் கை நின்றது. அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"எலி கடிச்சிருக்கு டீச்சர். சேதி வரலன்னுதான் கோடு சொல்லிச்சு. ஏன் வரலன்னு நான்தான் பாக்கல."

ஒயரைச் சேர்த்துக் கட்டி, கருவியில் அந்தக் கோடு எண்ணை அழித்தார். வண்டி ஓடியது. "பரவால்ல விடுங்க" என்றார் டீச்சர். அவரா விடுவார்? அதுவரை சென்சார் மாற்றிய வண்டிகளையெல்லாம் மறுபடி பார்த்தாக வேண்டும் என்று, என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். எனக்கோ மானம் போயிற்று.

ஒரு கன்னடக்காரப் பெரியவர் கேட்டைத் திறந்து, "காரு சென்னாகிதே" என்றார். வண்டி நன்றாகத்தான் இருக்கிறதாம்.

"கொஞ்சம்கூட மக்கர் பண்ணலியா சார்?" என்று கெஞ்சினார் ஸ்கேனர். பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டைப் பூட்டினார். ஒருவர் காரை விற்றுவிட்டிருந்தார். வாங்கியவரைத் தேடி ஜீவனஹள்ளிக்கே போனோம். திருட்டு வண்டியோ என்று அவர் நடுங்கிப்போய் அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். நான் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் டீச்சர் முகத்தில் மட்டும் அவரால் விழிக்க முடியவில்லை. டீச்சர் தலை தெரிந்தால் ஏதாவதொரு காருக்கடியில் புகுந்துகொள்வார். ஒருநாள் டீச்சர் குனிந்து, அந்தக் காருக்கடியிலேயே பேசினார்.

"வெளிய வாங்கண்ணா. வண்டியில இன்ஜின் கோளாறு லைட்டு எரியுது."

பதறிக்கொண்டு வெளியே வந்து, கருவியைச் சொருகினார். "கோடே இல்லியே டீச்சர்!"

"இல்லதான். வேற எப்படிச் சொன்னா வருவீங்க? என் தங்கச்சியும் கார் வாங்கியிருக்கா. நீங்கதான் பாக்கணும்."

ஸ்கேனர் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். மாடியிலிருந்து பார்த்த எனக்கு, இறங்கிப்போய் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போலிருந்தது.