கீழ்வரி வாசகர்

வாசகர்கள் பலவிதம். முன்னுரையை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தையே கரைத்துக் குடித்ததாகக் கதை விடுபவர் உண்டு. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுபவர் உண்டு. இரவல் வாங்கி, வாசிக்கவும் மாட்டாமல் திருப்பித் தரவும் மாட்டாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுபவர் உண்டு. இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் சொல்ல வந்த இனம் வேறு. எழுதியதை இவர் வாசிப்பதில்லை. எழுதியதற்குக் கீழே, எறும்பளவு எழுத்தில், எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்று ஒரு வரி கிடக்குமே, அதைத்தான் வாசிப்பார். அதனால் இவரைக் கீழ்வரி வாசகர் என்கிறேன்.

இந்த இனம் செழித்து வளர்வது இணையத்தில். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி, திருகோணமலையில் காசு கட்டி இணையம் பார்க்கத் தெருவுக்கொரு நெற் கபே முளைத்த காலத்தில், ஊரிலும் உலகமெங்கும் சிதறிக் கிடந்த எங்களூர்க்காரர் கூடிக் கதைக்கவென்று ‘திருமலை முற்றம்’ என்றொரு களம் இருந்தது. ரொறொன்ரோ, ஒஸ்லோ, லண்டன், சிட்னி என்று ஆட்கள். எந்த ஊர் நேரம் வேண்டும் என்று அவரவர் தம் கணக்கில் ஒருமுறை குறித்துவிட்டால், யார் எங்கிருந்து எழுதினாலும் அந்தப் பதிவின் கீழ் வாசிப்பவருக்குத் தன் ஊர் நேரமே தெரியும். வசதியான ஏற்பாடு. கீழ்வரி வாசகருக்கோ இது அறுவடை.

நோர்வேயில் ஒருவர் தாயை நினைத்துக் கவிதை எழுதியிருப்பார். அழுதபடி எழுதியிருப்பார் போலிருக்கும். கீழ்வரி வாசகர் கேட்பார்: உங்கள் நாட்டில் இப்போது விடியற்காலை மூன்று மணி, விடிந்தால் வேலையில்லையா? ரொறொன்ரோக்காரர் ஊழலைக் கண்டித்து எழுதினால், அலுவலக நேரத்தில் பதிவு போடுபவர் ஊழலைப் பற்றிக் கதைக்கலாமா என்பார். சிட்னிக்காரர் பொங்கல் வாழ்த்துச் சொன்னால், இங்கே சூரியன் இன்னும் எழும்பவில்லை, எதற்குப் பொங்கினீர்கள் என்பார். மரண அறிவித்தலின் கீழ் யார் முதலில் அனுதாபம் தெரிவித்தார், யார் பதினொரு மணித்தியாலம் பிந்தினார் என்று பட்டியல் போடுவார். ‘இப்பதிவு ஒருமுறை திருத்தப்பட்டது’ என்ற வரி கண்ணில் பட்டால் போதும். எதைத் திருத்தினீர்கள், ஏன் திருத்தினீர்கள், முன்பு என்ன இருந்தது? ஒரு எழுத்துப் பிழையாகத்தான் இருக்கும். அதை அவர் நம்பவேண்டுமே.

எங்கள் முற்றத்தில் இந்த வேலையைப் பார்த்தவர் பாக்கியரத்தினத்தார். ஊரின் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தலைமை எழுதுவினைஞர். காலை எட்டே முக்காலுக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுப்பது அவர் கடமை. கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டவர் ஏன் பிந்தினார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பிந்தினார், அவ்வளவுதான். ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்குமா? ‘நேர்மையாளன்’ என்ற புனைபெயரோடு முற்றத்துக்கு வந்துவிட்டார். பின்னேரங்களில் ஜமால்தீனின் நெற் கபேயில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள கதிரை அவருடையது. வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஊரிலேயே இருப்பவர், கண்ணால் கண்டு சொல்பவர். அவர் கண்டதெல்லாம் அந்தத் திரை மட்டுந்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இனி நடந்ததைச் சொல்கிறேன். கடல்கோள் வந்து போன அடுத்த வருடம், ஆடி மாதம்.

குச்சவெளியிலிருந்து றுக்கியா என்றொரு பெண் ஜமால்தீனிடம் வந்தாள். அவளுடைய கணவன் பக்கீரும் தமையன் ஆதம்பாவாவும் மீன்பிடிக்கப் போன படகு பத்து நாளாகத் திரும்பவில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் பழுதாகி இழுபட்டால் இந்தியக் கரையில் எங்காவதுதான் ஒதுங்குவார்கள் என்று கடலோடிகள் சொல்லியிருந்தார்கள். அன்று பின்னேரம் நாலு மணிக்குக் கடற்படை முகாம் வாசலில் கேட்டிருக்கிறாள். அப்படி யாரும் தங்களிடம் இல்லை என்றிருக்கிறார்கள். முகாமிலிருந்து கால் மணி நேர நடை, ஜமால்தீனின் கடை. அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டி முற்றத்தில் போட்டான். இரண்டு பேரின் பெயர், வயது, படகின் நிறம், பத்து நாள் கதை, இன்று நாலு மணிக்கு முகாமில் கேட்ட கதை, இந்தியக் கரையில் யாராவது இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள் என்ற வேண்டுகோள். சுவர் மணிக்கூட்டில் அப்போது நாலு இருபது.

பத்து நிமிடத்துக்குள் பதில் வந்தது. இரத்தினசிங்கம் என்ற எங்களூர்க்காரர் விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை பார்த்தார். நாளைக்கே ஆந்திரக் கரைத் துறைகளில் விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். ஜமால்தீன் அதை வாசித்துக் காட்டியதும் றுக்கியா சுவரோரம் கிடந்த நீள வாங்கிலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் அன்று அங்கே இருந்தேன். மூன்றாவது கதிரையில்.

அந்த நேரம் பாக்கியரத்தினத்தார் தொண்டையைக் கனைத்தார்.

அவருடைய திரையில் றுக்கியாவின் பதிவுக்குக் கீழே மூன்று ஐம்பது என்று இருந்தது. நாலு மணிக்கு நடந்ததை மூன்று ஐம்பதுக்கு எழுதியிருக்கிறாள். பேனை பிடித்த கை துடிக்காதா? தட்டத் தொடங்கிவிட்டார். ‘நடக்கப்போவதைப் பத்து நிமிடம் முன்கூட்டியே எழுதவல்ல இந்தத் தீர்க்கதரிசினி யார்? கடல்கோளின் பெயரால் எத்தனை பொய் வேண்டுகோள்களைக் கண்டோம். உறவுகளே, ஏமாறாதீர்கள்.’

ஜமால்தீன் எழும்பி அவரிடம் வந்தான். சத்தம் போடாமல்தான் சொன்னான்.

“ஐயா, அந்தப் புள்ள இந்தா இரிக்கிறா. நான்தான் தட்டிக் குடுத்த. சுவரில பாருங்க, இப்ப நாலரை.”

“தம்பி, அது பற்றரி மணிக்கூடு, நம்ப ஏலாது” என்றார் பாக்கியரத்தினத்தார். “இது சேர்வரில இருந்து வாற நேரம். ஆக்கள் அழுவினம், நடிப்பினம். இது நடிக்காது.”

அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே திரையின் மூலையிலும் நாலரை என்றுதான் காட்டியது. கீழ்வரி வாசகர் மூலையைப் பார்ப்பதில்லை. மூன்று கதிரை தள்ளி, வாங்கிலில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளே, அவளையாவது திரும்பிப் பார்த்தாரா? இல்லை.

அந்த அரை மணி எங்கே போனது? எங்கள் நாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தொண்ணூற்றாறில் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளி, பிறகு கொஞ்சம் பின்னே இழுத்து, கடைசியில் இந்தியாவைவிட அரை மணி முந்தி நிற்பது என்று முடிவு செய்தது. துறைமுகத்துக்கு அப்பால் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம். வெருகலுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டால், பழைய நேரமா புது நேரமா என்று திருப்பிக் கேட்பார்கள். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நேரத்தின் காவலரான எங்கள் பாக்கியரத்தினத்தாரோ, கணக்குத் திறந்த அன்று பட்டியலில் கொழும்பைத் தேடப் பொறுமையில்லாமல், பக்கத்தில்தானே என்று சென்னையைத் தட்டிவிட்டிருந்தார். இரண்டு வருடமாக அவர் வழங்கிய தீர்ப்பெல்லாம் சென்னை நேரப்படி.

ஆனால் அன்று இது யாருக்கும் தோன்றவில்லை. வெளிநாட்டுக்காரருக்குத் தெரிந்தது அவரவர் ஊர் நேரம். கூட்டிக் கழித்துப் பார்க்க யாருக்கு அவகாசம்? ‘நன்றி நேர்மையாளன் அண்ணா’ என்று ஒன்பது பேர் எழுதினார்கள். தன் திரையில் சரியாக இருப்பதாகச் சொல்லி ஜமால்தீன் பதில் போட்டான். கடைக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று ஒருவர் கேட்டார். மாலைக்குள் களத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர், இனி யாரும் பதில் எழுதாதபடி அந்தப் பதிவைப் பூட்டிவிட்டார். பொய்யென்றால் வீணாக ஏன் அலைய வேண்டும் என்று இரத்தினசிங்கமும் இருந்துவிட்டார். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாலு மணி, மூன்று ஐம்பது. ஏதோ இடிக்கத்தான் செய்கிறது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

றுக்கியா கடைசிப் பஸ்ஸுக்கு ஓடினாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து, பதில் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி ஜமால்தீனுக்குக் கூசியது.

பன்னிரண்டாம் நாள் நோர்வேயின் பேர்கன் நகரத்தில் தாதியாக இருந்த இராசமலர், பூட்டிக் கிடந்த அந்தப் பதிவை வாசித்தாள். கீழ்வரியை அல்ல, மேலே இருந்ததை. இரத்தினசிங்கத்தின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து அவள் கேட்டது ஒன்றுதான்: “பொய்யெண்டால் உங்களுக்கு ஒரு பின்னேரம் வீண். உண்மையெண்டால்?”

அவர் அன்றே புறப்பட்டார். மூன்றாவது துறையில், அரசாங்க ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இரண்டு பெயரும் இருந்தன. ஒரு சரக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. றுக்கியா ஜமால்தீனுக்கு முன்னால் உட்கார்ந்து பெயர் சொல்லிக்கொண்டிருந்த பின்னேரம் அவர்கள் அங்கேதான் கட்டிலில் கிடந்திருக்கிறார்கள். தேடி யாரும் வரவில்லை, பேசுகிற பாஷை அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை, கையில் கடதாசி இல்லை. உடம்பு தேறியதும் நாட்டுக்குள் களவாகப் புகுந்தவர்கள் என்று வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். முதல்நாளே ஒருவர் போய் இவர்கள் இன்னார் என்று சொல்லியிருந்தால் இரண்டு கிழமையில் கப்பல் ஏற்றியிருப்பார்கள். இப்போது மூன்று மாதம் சென்றது.

இரத்தினசிங்கம் புறப்பட்ட மறுநாள் றுக்கியா வந்தபோது ஜமால்தீன் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிற செய்தியைச் சொன்னான். அவள் அழவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாக்கியரத்தினத்தார் எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தார். கெட்டவர் என்று நான் எங்கே சொன்னேன்? மின்விசிறியைக்கூட அவள் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு, அவளுக்கு நல்லது சொல்கிற குரலில், “நேரத்தைச் சரியா எழுதியிருந்தா இவ்வளவு சிக்கல் வந்திராது, தங்கச்சி” என்றார்.

றுக்கியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.

“எங்கட மாமிய அடக்கி இண்டைக்கு நாலு நாள்” என்றாள். “மகன் மௌத்தாகிட்டானெண்டு நினைச்சித்தான் கண்ண மூடினா. கொஞ்சம் முந்தித் தெரிஞ்சிருந்தா, அவட காதிலயாவது செல்லியிருப்பன்.”

பக்கீரின் தாய் பரீதா, பதிவு போட்ட ஒன்பதாம் நாள் இறந்துபோயிருந்தாள்.

அவள் போனபின் ஜமால்தீன் பாக்கியரத்தினத்தாரின் கணக்கைத் திறந்து, சென்னை என்று இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொழும்பு என்று மாற்றினார். மூன்று ஐம்பது என்று இருந்த இடத்தில் நாலு இருபது வந்தது. ஒரு நிமிடம், ஒரேயொரு நிமிடம், அந்த மனிதர் உடைந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தட்டியது இது: ‘அண்மையில் ஏற்பட்ட நுட்பக் கோளாறு சீர்செய்யப்பட்டுள்ளது. இயந்திரத்தின் பிழைக்கு எவரும் பொறுப்பல்லர்.’ றுக்கியாவின் பெயர் அதில் இல்லை. அதே மூச்சில், நல்ல செய்தியை அறிவித்த இராசமலரின் பதிவு இருமுறை திருத்தப்பட்டிருப்பதன் மர்மம் என்னவென்றும் கேட்டிருந்தார்.

ஐப்பசியில் பக்கீரும் ஆதம்பாவாவும் வீடு வந்து சேர்ந்தார்கள். பக்கீர் முதலில் போனது தாயின் கபுறடிக்கு.

அடுத்த சித்திரையில் சந்தையில் குண்டு வெடித்து, கடைகள் எரிந்து, ஆட்கள் செத்து, ஊரடங்கு போட்டார்கள். வருடப்பிறப்பு யாருக்கும் வருடப்பிறப்பாக இருக்கவில்லை. அந்தக் கிழமைதான் அரசாங்கம் மணிக்கூட்டை மறுபடி பின்னே இழுத்து இந்திய நேரத்தோடு சேர்த்தது. ஜமால்தீன் பத்து நாள் கழித்துக் கதவின் ஒரு பலகையை மட்டும் கழற்றினான். உள்ளே நுழைந்த முதல் ஆள் பாக்கியரத்தினத்தார். உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று உலகமெல்லாம் கேட்டு எழுதியிருந்த பதிவுகளுக்கு மேலே அவர் போட்ட பதிவு: ‘இறுதியில் அரசாங்கமே என் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நான் குறிப்பிட்ட மூன்று ஐம்பது சரியானதே.’ பதினொரு பேர் நன்றி தெரிவித்திருந்தார்கள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் இதை வாசிக்கையில் ஓரிடத்தில் நின்று, மூன்று ஐம்பதோடு அரை மணியைக் கூட்டினால் நாலு இருபது வருகிறதா என்று பார்த்தீர்கள் அல்லவா? வருகிறது, கணக்குச் சரி. நீங்கள் கூட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வாங்கிலில்தான் உட்கார்ந்திருந்தாள்.