சம்மந்தி விருந்துக்கு வைன் வாங்கிய படலம்

வணங்குவோம், வாசகரே, முத்துலிங்கனாரை வணங்குவோம்! முகில் தவழும் ராகலைத் தேயிலை மலையில் முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கப்பிள்ளையாகக் கோலோச்சியவர். விடியலில் தொழிலாளரை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒற்றைக் கனைப்பால் நூறு பேரை நிமிர வைத்தவர். கொழுந்தை விரலிடையில் கசக்கி முகர்ந்தே அது எந்த மலையில் எத்தனை மணிக்குக் கிள்ளப்பட்டது என்று உரைக்கவல்ல நாசியுடையவர். பெரிய கங்காணி மூக்கனின் பேரர். ஓய்வு பெற்ற பின்னும் காற்சட்டை மடிப்புக் குலையாதவர். இத்தகைய பெருமகனார் விருந்துக்கு வைனும் பியரும் வாங்கப் புறப்பட்ட வரலாற்றைச் சொல்லவல்ல நா எமக்கு வாய்க்குமாக.

போருக்கு வித்திட்டது ஒரு சோடாப் போத்தல். சென்ற மாதம் தலவாக்கலையில், மகள் சுதர்ஷினியை மணக்கவிருக்கும் துஷாந்தின் இல்லத்தில், மாப்பிள்ளையின் தந்தை வீரய்யா நீள்தண்டுக் கண்ணாடிக் கிண்ணத்தில் சிவப்பு வைன் வார்த்து நீட்டினார். சாராயம் ஒன்றையே மதுவென்று அறிந்திருந்த நம் நாயகர், அதில் விளிம்பு வரை சோடாவை ஊற்றினார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனார். அந்த முந்தானை அன்று முதல் முத்துலிங்கனாரின் கண்முன் பகைவனின் கொடியெனப் பறந்துகொண்டே இருந்தது.

வரும் ஞாயிறு மறுவிருந்து. தலவாக்கலையார் ராகலைக்கு எழுந்தருளுகிறார்கள். மூன்று தலைமுறையின் மானம் இனி ஒரு போத்தலின் கழுத்தில் தொங்கியது.

புறப்படும் வேளையில் மனைவி மீனம்மா, கார்த்திகை மாதமாயிற்றே, எதற்கும் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார். நாயகர் குடையை வாளென ஊன்றி முழங்கினார்:

“என்ன குடிப்பீங்கன்னு சம்மந்திகிட்ட கேட்டுட்டு வாங்கி வைக்க இது என்ன ஓட்டலா? மூக்கன் கங்காணி வீடு.”

மீனம்மா அதற்குமேல் வாய் திறக்கவில்லை. எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதன்பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

ராகலையிலும் மதுக்கடை உண்டு. ஆனால் அங்கே போனால் போத்தல் பைக்குள் விழுமுன் செய்தி தோட்டத்தின் கடைசி லயத்து வீடு வரை போய்ச் சேரும். ஆகவே கழுத்தில் மப்ளரும், காதுவரை இறங்கும் கம்பளிக் குல்லாவும், மூக்கை மறைக்கும் முகக்கவசமும் பூண்டு, எமனுக்கும் அடையாளம் தெரியாத கோலத்தில், மனைவியின் தம்பி சின்னராசா பின்தொடர, நாயகர் நுவரெலியா பஸ்ஸில் ஏறினார். நடத்துநர், “வாங்க கணக்கப்பிள்ளை ஐயா, ரெண்டு டிக்கெட்டா?” என்றார்.

கடைக்குள் அணிவகுத்து நின்றது பகைப்படை. கருங்கழுத்து வைன் போத்தல்கள் களிற்றுப் படையென மேல்தட்டில் நின்றன. பியர் டின்கள் காலாட்படையெனத் தரையோரம் குவிந்திருந்தன. குளிர்பெட்டிக்குள் பச்சைப் போத்தல்கள் வியர்த்த புரவிகளெனப் பளபளத்தன. அந்த நேரம் பார்த்து உட்பகை வெடித்தது. சின்னராசா பியர்க் கட்சி. வைன் என்பது சர்பத்து என்றும், மதித்து அழைத்த சம்மந்திக்குக் கறுப்பு பியர் வைப்பதே மரியாதை என்றும் வாதாடியவர், கடைசியில் நஞ்சு தோய்ந்த அம்பொன்றை எய்தார்:

“வைன வாங்கிட்டு மறுபடி சோடாவத் தேடப் போறீங்க, மச்சான்.”

நாயகர் தடுமாறவில்லை, நிமிர்ந்தார், இருப்பதிலேயே உயர்ந்த வைனைக் கேட்டார். நரைமீசைக் கடைக்காரர், சாமி சிலையை இறக்குவதுபோல், தூசு படிந்த போத்தலொன்றை இரு கைகளாலும் இறக்கி வைத்தார். நாயகர் அதை வெளிச்சத்தில் பிடித்து லேபிளைப் படித்தார். ஒன்பது வருடத்துக்கு முந்திய ஆண்டு. தேயிலைக் குருதி கொதித்தது. நேற்றுக் கிள்ளிய கொழுந்து இன்று தூளாக வேண்டும் என்பது அவர் வாழ்ந்த வேதம். ஆறு மாதம் கிடந்த தூளை அவர் வீட்டில் ரோஜாச் செடிக்குத்தான் போடுவார்கள்.

“ஒம்பது வருசமா விக்காமக் கெடந்தத நம்ம தலையில கட்டப் பாக்கிறாரு. இந்த வருசத்துச் சரக்க எடுக்கச் சொல்லு.”

சின்னராசா சிங்களத்தில் சொன்னார். கடைக்காரர் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, அடித்தட்டில் கிடந்த, விலையிலும் ஆகக் கடைசியான போத்தல்களை எடுத்து வைத்தார். முகர்ந்து பார்க்க மூடியைத் திறக்கச் சொன்னார் நாயகர், கடைக்காரர் மறுத்தார், மூடியோடு முகர்ந்து, மணம் திருப்தி என்று தலையசைத்தார் நாயகர். உட்பகை தீர்க்கும் உடன்படிக்கையாகச் சின்னராசாவுக்கு ஒரு டசின் கறுப்பு பியர் வழங்கப்பட்டது. வெற்றி, வெற்றி!

ஞாயிறு வந்தது. வெண்விரிப்பு மேசையில் நீள்தண்டுக் கிண்ணங்கள் சூழப் போத்தல்கள் கொலுவீற்றிருக்க, சோடா என்னும் சொல்லே வீட்டில் தடைசெய்யப்பட்டிருக்க, வாசலில் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு கறுப்பு வேட்டி. அடுத்து இறங்கியதும் கறுப்பு வேட்டி. மாப்பிள்ளை, தகப்பன், சித்தப்பாமார் எல்லோரும் வெறுங்காலோடு, கழுத்தில் துளசிமணியோடு இறங்கினார்கள். வீரய்யா மேசையைப் பார்த்தார்.

“கார்த்திகை ஒண்ணாந் தேதியே ஐயப்பனுக்கு மாலை போட்டுட்டோமே, சம்மந்தி. மீனம்மா தங்கச்சி போன்ல கேட்டப்பவே சொன்னேனே.”

மாப்பிள்ளையின் அத்தையும் மேசையைப் பார்த்தார். அந்த முந்தானை மெல்ல மேலே எழுந்தது. மூக்கன் வழிவந்த முத்துலிங்கனார், முப்பத்தாறு ஆண்டுப் பெரட்டு ஆண்ட பெருங்கனைப்பு தொண்டைக்குள் உடைந்து கரைய, ஏழு வகை மரக்கறியும் பருப்பும் மட்டுமே சமைத்து வைத்துவிட்டு எதுவுமே அறியாதவர்போல் நின்ற மீனம்மாவை நோக்கி மெல்லத் திரும்பினார்.

எல்லோரும் இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தார்கள்.