இரைச்சல் தையல் மெஷினுடையது அல்ல, பெரியப்பா

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். அப்பாவின் ஹெட்போனுக்குச் சத்தம் கூட்டும் ஆம்ப்பும் நலம், தொட்டால் விரல் சுடும் அளவுக்கு நலம். உங்கள் உடல்நலத்தையும் பெரியம்மாவின் பொறுமையையும் விசாரித்ததாகக் கொள்ளவும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று முழுக்க நான் வாய் திறக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, "இந்தப் பொண்ணு எவ்வளவு அமைதி பாரு" என்று பாராட்டக்கூடச் செய்தீர்கள். அந்த அமைதிக்குள் என்ன இருந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் அப்பாவின் ஹெட்போனை மாட்டிக் கண்களை மூடி, ஒரு விரலை உயர்த்தி, "ம்... இந்தா, கேக்குது. இது சாதாரண இரைச்சல் இல்ல, மோட்டார் இரைச்சல். பக்கத்து அறைத் தையல் மெஷின்தான் கரண்டைக் கெடுக்குது" என்று சொன்னீர்களே, அந்த நேரத்தில் அம்மாவின் தையல் மெஷினின் பிளக் சுவரில் இல்லை. தரையில் கிடந்தது. நீங்கள் வருகிறீர்கள் என்று மெஷினுக்கு அடியில் கூட்டுவதற்காகப் பிடுங்கியவள் நான்தான். உங்களை வரவேற்கச் செய்த ஏற்பாட்டில், மின்சாரமே இல்லாமல் உறை போர்த்திக்கொண்டு நின்றிருந்த ஒரு மெஷின்மேல் நீங்கள் குற்றம் சாட்டினீர்கள். இதை அப்போது நான் சொல்லவில்லை. அப்பா உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுவை சிகிச்சை அறையிலிருந்து வெளியே வரும் டாக்டரை உறவினர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். நடுவில் புகுந்து பேச எனக்கு வரவில்லை. பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது என்று உங்களுக்கே தெரியும். இதோ எழுதுகிறேன்.

வாழ்நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர் நீங்கள். ஒரு திருகு கழன்றது என்று வந்தவரைக்கூட இரண்டு கண்ணாடியோடு அனுப்பிவைத்த திறமையை நம் குடும்பத்தில் எல்லாரும் அறிவார்கள். கடையை விற்ற பிறகு அந்தத் திறமை எங்கே போகும்? கண்ணிலிருந்து காதுக்கு இறங்கிவிட்டது. அன்று அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு கேபிளாக மாற்றி மாற்றிச் செருகி, நீங்கள் கேட்ட கேள்வியை நான் சிறு வயதில் உங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

"இது தெளிவா... இல்ல, இது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்குண்ணா."

"அவசரப்படாத. மறுபடி கேளு. இது... இதுவா?"

"ரெண்டாவது... கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"கொஞ்சம் தெளிவு."

"பாத்தியா! வெள்ளிக் கம்பி அது!"

பெரியப்பா, அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவரும் கடைசியில் எதையாவது சொல்லித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் எழுந்திருக்க விடமாட்டீர்கள். நானும் அப்படித்தான் ஒருமுறை "ரெண்டாவது" என்று சொல்லிவிட்டு, தேவையே இல்லாத ஒரு கண்ணாடியை மூக்கில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போனேன். அது வெறும் கண்ணாடி. இப்போது உங்கள் "இதுவா, அதுவா"வில் சிக்கியிருப்பது என் அம்மாவின் பிழைப்பு.

இது எங்கே தொடங்கியது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் நாள் முழுக்க ரேடியோ அலறியது, அளவு எடுக்கும்போது எண்ணிக்கை தப்புகிறது என்று அம்மா முணுமுணுத்தாள், உடனே நீங்கள் போனில், "ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக்கோடா, வீடு அமைதியாயிடும்" என்றீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் நீங்கள் வாங்கச் சொன்னது பின்பக்கம் திறந்த வகை. அதற்குள் பாடுவது வெளியே கேட்கும், வெளியே நடப்பது உள்ளே கேட்கும். அந்தத் திறப்பில்தான் கச்சேரி மேடையின் விஸ்தாரம் வருகிறது என்று விளக்கினீர்கள். விஸ்தாரம் வந்ததோ இல்லையோ, எங்கள் வீட்டில் பாத்திரம் வைக்கும் சத்தம், குழாய்ச் சத்தம், நான் புத்தகத்தின் பக்கம் திருப்பும் சத்தம் எல்லாம் மேடையேறின. பக்கத்தை மெதுவாகத் திருப்பு என்று என்னிடம் சொன்ன முதல் மனிதர் என் அப்பா. நூலகத்தில் வேலை பார்க்கிறேன், அங்கேகூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆக, நம் சத்தம் மற்றவருக்குக் கேட்காமல் இருக்க மனிதர்கள் கண்டுபிடித்த ஒரு கருவியை, மற்றவர் சத்தம் போடாமல் இருக்க வைக்கும் கருவியாக நீங்கள் மாற்றிக் கொடுத்தீர்கள். அப்புறம் அந்த ஹெட்போனை இயக்க செல்போனுக்குத் தெம்பு போதவில்லை என்று ஆம்ப் வந்தது. ஆம்ப் வந்ததும் பாடகிக்குக் குரல் இருக்கிறது, சதை இல்லை என்றீர்கள். சதைக்காக, பழைய ரேடியோவில் இருப்பது மாதிரி வால்வு வைத்த இன்னொரு ஆம்ப் வந்தது. அதில் சதை வந்தது, சுறுசுறுப்புப் போனது. சுறுசுறுப்புக்காக வெள்ளிக் கேபிள் வந்தது. வெள்ளியில் குரல் கூசியது, ஆகவே செம்பும் வெள்ளியும் பின்னிய கேபிள் வந்தது. அது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் மாதிரி விறைப்பாக இருந்து சட்டைக் காலரில் உரசியது. அந்த உரசலும் காதில் கேட்டது. இப்போது அப்பா பாட்டு கேட்கும்போது கழுத்தைத் திருப்புவதில்லை. கூப்பிட்டால் மொத்த உடம்போடு திரும்புகிறார். ஒவ்வொரு முறையும் நீங்கள் சொன்னது ஒன்றேதான்: "ஹெட்போன் மேல தப்பில்ல, ஆம்ப் மேலயும் தப்பில்ல, ரெண்டுக்கும் ஒத்துப்போகல, அவ்வளவுதான்." பிரிந்துபோன தம்பதிகளைப் பற்றி உறவினர்கள் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன். பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஜோடியைச் சேர்த்துவைத்தவர்களாகவே இருப்பார்கள்.

அப்பாவைக் குறைசொல்ல மாட்டேன். மாட்டேன் என்று சொன்னாலும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அவர் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவர். லிஃப்டில் நின்றுகொண்டு எங்கே கிறீச்சிடுகிறது, எங்கே அதிர்கிறது என்று கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்கியவர். அவரால் பாட்டு கேட்க முடியாது, பாட்டை ஆய்வு செய்யத்தான் முடியும். பாடகி மூச்சு எடுக்கும் இடம் வரை கேட்பார், நிறுத்துவார், மறுபடி முதலிலிருந்து. பல்லவி தாண்டி அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட மனிதரிடம் போய், "கேபிள் தரையில படக்கூடாது, அதிர்வு ஏறும்" என்று சொல்லலாமா நீங்கள்? மறுநாள் அம்மா பழுப்பு நூலைத் தேடினாள். திரைச்சீலை தைக்கக் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார், நூல் இல்லை. கடைசியில் கண்டுபிடித்தோம். அம்மாவின் நூல்கண்டுகள் எல்லாம் வரவேற்பறையில் வரிசையாக நின்று, கேபிளைத் தலையில் தாங்கிக்கொண்டிருந்தன.

"இதுல இருந்து பழுப்பை எடுத்துக்கட்டுமா?"

"பழுப்பை எடுக்காத. வேணும்னா வெள்ளையை எடுத்துக்கோ."

"பழுப்புத் துணிக்கு வெள்ளை நூல் போட்டா, பாக்கறவங்க என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

"பழுப்பு இருக்கறப்பதான் அடிநாதம் நல்லா இறங்குது. அண்ணன்கிட்ட வேணும்னா கேளு."

அப்பா உங்களிடம் கேட்டார். நீங்கள், சாயத்தின் அடர்த்தி காரணமாக இருக்கலாம் என்றீர்கள். இருக்கலாம் என்றீர்கள், பெரியப்பா! படித்த மனிதர் நீங்கள். அச்சேறிய எத்தனையோ அபத்தத்தை நான் வாசித்திருக்கிறேன், அவற்றை எழுதியவர்கள் குறைந்தபட்சம் எழுதும்போதாவது கொஞ்சம் தயங்கியிருப்பார்கள் என்று தோன்றும். உங்கள் குரலில் தயக்கம் துளியும் இல்லை.

சரி, இதெல்லாம் போகட்டும், சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கடைசியாகச் சொன்னதைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. "அந்தத் தையல் மெஷினை வீட்டை விட்டு வெளிய வைங்க, ஒரே நாள்ல தெரியும் வித்தியாசம்" என்றீர்கள். அப்பா தலையாட்டினார். நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள், கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னாலுள்ள கொட்டகையைச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டார். ஜன்னல் இல்லாத கொட்டகை. அங்கே வெளிச்சம் கிடையாது, உள்ளே நுழைந்தால் டயர் நாற்றம். அம்மாவிடம் கால்சட்டை நீளம் குறைக்க, ஜிப் மாற்ற, இடுப்பு பிரிக்க வருகிறவர்கள் எல்லாரும் அவள் அறையின் பெரிய ஜன்னல் பக்கம் நின்று கண்ணாடி பார்த்து, அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர்கள். அந்த இருட்டில் யார் வந்து நிற்பார்கள்? அவள் கையில் புழங்கும் காசு அவளுடையது. அதில்தான் எனக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். நான் இன்றைக்கு உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றால் அதற்கு அந்த மெஷினும் ஒரு காரணம். அப்பா கொட்டகையைப் பற்றிச் சொன்னபோது அம்மா "சரி" என்று மட்டும் சொன்னாள். ஒரே ஒரு சரி. அதற்குப் பிறகு இந்த வாரம் முழுக்க அதிகம் பேசவில்லை. எதையோ நினைத்துக்கொண்டே சமைக்கிறாள்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் சொன்னால் அப்பா கேட்க மாட்டார். எனக்குக் காது பழகவில்லை என்பார். பிளக்கைப் பற்றி அம்மா சொன்னாலும், தன் மெஷினுக்காகப் பேசுகிறாள் என்பார். நீங்கள் சொன்னால்தான் எடுபடும். தையல் மெஷின்மேல் தப்பில்லை, தவறாகக் கணித்துவிட்டேன் என்று அவருக்கு உங்கள் கையால் எழுதிப் போடுங்கள். இரைச்சலுக்கு வேறு எதையாவது காரணமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நிலவைச் சொல்லுங்கள், எதிர்வீட்டுப் பூனையைச் சொல்லுங்கள், அப்பா நம்புவார். அம்மாவை மட்டும் விட்டுவிடுங்கள்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் காதுகள் நீண்டகாலம் நன்றாக இருக்கட்டும். அவற்றைக் கொஞ்சம் ஓய்வில் வைக்கவும்.

இப்படிக்கு,
அமைதியானவள் என்று நீங்கள் நினைத்த உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா அதைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுதினது நல்லாத்தான் இருக்கு. ஆனா அனுப்பாத."

"ஏம்மா? உன் மெஷினைத் தூக்கி வெளிய வைக்கப்போறாங்க, நீ வாயே திறக்க மாட்டேங்கிற."

"கொட்டகைக்கு எவ போறா? பஸ் நிக்கற இடத்துக்கு எதிர்ல, சாவி செய்யறவர் கடைக்குப் பக்கத்துல ஒரு அறை காலியா கிடக்குது. ரோட்டைப் பாத்த ஜன்னல். போறப்ப வர்றப்ப எல்லாம் அதைப் பாத்துட்டே இருந்தேன். கடை போடறேன்னு நானா கேட்டிருந்தா, வீட்டுல இடமா இல்லைன்னு உங்கப்பா கேட்டிருப்பார். உங்க பெரியப்பா அதுக்கு மேல நாலு கேள்வி கேட்டிருப்பார். இப்ப அவங்க ரெண்டு பேருமே போ போங்கறாங்க. நீ குறுக்க வந்து கெடுத்துடாத."

"அப்ப ஒரு வாரமா பேசாம இருந்தது?"

"அறைக்கு என்ன நிறத்துல திரை போடறதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன்."

"அன்னைக்குப் பிளக் சுவர்ல இல்லைங்கறது உனக்குத் தெரியுமா?"

"என் மெஷின் ஓடுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

ஆகவே, பெரியப்பா, உங்கள் தீர்ப்பை மாற்ற வேண்டாம். அதில் உறுதியாக இருங்கள். அப்பா கேட்டால், மெஷினைக் கொட்டகையில் வைத்தாலும் போதாது, தெருவையே தாண்டி வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அடுக்களையில் புகை வெளியேற்றும் விசிறியும் மாலை நேரத்தில் இரைச்சல் போடுகிறதா என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொல்கிறாள் அம்மா. போடுகிறது என்று நீங்கள் கருதினால், சமையலை அப்பா வேறு ஏதாவது ஏற்பாட்டில் பார்த்துக்கொள்வார்.

இதை எழுதியும் அனுப்பாமல் கொஞ்ச நாள் பையிலேயே வைத்திருந்துவிட்டேன். அதனால் நடந்ததையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். அம்மா கடை திறந்துவிட்டாள், இனி இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தாலும் எதுவும் கெடாது. மெஷினை இறக்கும்போது படிக்கட்டில் அப்பாவே ஒரு கை பிடித்தார். அன்று மாலை ஹெட்போனை மாட்டினார். இரைச்சல் அப்படியே இருந்தது. நேற்று அவருடைய கால்சட்டைப் பை கிழிந்துவிட்டது, தைத்துக் கொடு என்று அம்மாவிடம் நீட்டினார். கடை காலையில் திறக்கும், கொண்டு வாங்க என்றாள். இன்று கொண்டுபோனார். அவருக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்.