ஜூம் சாரும் அறுநூறு எம்.எம். லென்ஸும்

எங்கள் நன்னிலம் அலுவலகத்து ஜூம் சார் அளவுக்கு யோசித்துப் பொருள் வாங்கிய மனிதர் இந்த டெல்டாவிலேயே கிடையாது. ஒரு லென்ஸ் வாங்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் குறுவை அறுத்து, சம்பா நட்டாகிவிட்டது.

பக்கத்து மேஜை என்பதால் அத்தனை யோசனையும் என் காதில்தான் விழுந்தது. லீவு நாளெல்லாம் பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டு திரிபவர், அதனால்தான் ஜூம் சார் என்ற பெயரே. அவரிடம் இருந்தது முந்நூறு எம்.எம். ஜூம். அதில் எடுத்தால் பறவை ஒரு புள்ளி. அது என்ன பறவை என்று அவர் சொல்வார், நாங்கள் நம்ப வேண்டும். ஆசைப்பட்டதோ அறுநூறு எம்.எம்.

“பறவை நல்லா கிட்ட வரும் சார். ஆனா ரெண்டு கிலோ வெயிட்டு. தோள் தாங்குமா?”

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலுவலகம் வந்தார். மதியம் வாய்க்கால் கரையில் நின்று, பையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கொக்குகளைக் குறி பார்த்தார். களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்தார்.

“என்ன சார் பண்றீங்க?”

“லென்ஸ் பாக்குறேம்மா.”

“அரிசியால்ல இருக்கு?”

“இப்போதைக்கு அரிசி.”

கடைசியில் திருச்சியில் அந்த லென்ஸை வாடகைக்கு எடுத்து, பூநாரை பார்க்கக் கோடியக்கரைக்கு என்னையும் இழுத்துப் போனார். உப்பளத்துக்கு அப்பால் பறவைகளின் பெருங்கூட்டம். லென்ஸில் கண்ணை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

“என்ன சார், கிடைச்சுதா?”

“வரப்போரமா ஒரு கொக்கு விழுந்து கிடக்குது.” வளையத்தைத் திருகினார். “ஐயோ, கொக்கு இல்ல சார். வேட்டி!”

கேமராவை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். உப்பளத்தில் வேலை பார்ப்பவர். வழுக்கி விழுந்து கால் முறிந்து, வெயிலில் குரல்கூட எழும்பாமல் கிடந்தார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு சாலைக்கு நடந்தோம். பாதி வழியில் பூநாரைகள் மொத்தமாகக் கிளம்பி எங்கள் தலைக்கு மேலே பறந்தன. அண்ணாந்து பார்த்தது நான்தான். ஜூம் சார், “பயப்படாதீங்கண்ணே, வந்தாச்சு” என்று அவரிடமே பேசிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, போட்டுவிட்டு வந்த கேமராவையும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது கேட்டேன்: “லென்ஸ் எப்படி சார்?”

“வாங்கிடலாம் சார்.”

வாங்கியும்விட்டார். இப்போது மாற்றலாகி முத்துப்பேட்டையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் அந்த ஊர் பஸ் ஏறிவிடுகிறேன். பறவை பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.