அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்

நாய் வளர்க்கிறவர்களுள் தனி இனம் ஒன்று உண்டு. அதற்கு நற்சான்றுக்காரர் என்று பெயரிட்டுக்கொள்வோம். அடையாளம் காண்பது எளிது. நீங்கள் அழைப்பு மணியை அழுத்துகிறீர்கள், உள்ளே ஏதோ ஒன்று வழவழப்பான தரையில் சறுக்கிக்கொண்டு வந்து கதவில் மோதுகிறது, கதவு திறப்பதற்கு முன்பே, நலம் விசாரிப்பதற்கு முன்பே, வந்திருப்பது யாரென்று தெரிவதற்கும் முன்பே ஒரு குரல் ஒலிக்கிறது: “பயப்படாதீங்க, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்.” அவன் வீட்டுக்கு வந்து எத்தனை காலமாயிற்று என்று கேட்டுப் பாருங்கள்.

பதினொரு நாள்.

நாம் பார்க்கப்போகும் நற்சான்றுக்காரர் தொழிலால் லிப்ட் ஆய்வாளர். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். கம்பிவடத்தை விரலால் தடவிப் பார்க்காமல், முழுச் சுமையை ஏற்றி இறக்காமல், எந்த லிப்டுக்கும் அவர் கையெழுத்திட்டதில்லை. கட்டடக்காரர்கள் குழைந்து குழைந்து, “பல வருஷமா ஓடுது சார், ஒண்ணும் ஆனதில்ல” என்பார்கள். அவரோ மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, “ஒண்ணும் ஆகலங்கிறது சோதனை இல்ல, அதிர்ஷ்டம்” என்பார். இந்த வாக்கியத்தைக் கேட்காமல் அவர் குடும்பத்தில் எவரும் ஒரு கல்யாணச் சாப்பாட்டை முடித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய தங்கை வந்தாள். மருந்துக்கடையில் வேலை, எந்த மாத்திரை அட்டையையும் இரண்டு முறை படித்துவிட்டே கொடுக்கிற கை. இடுப்பில் மூன்று வயது மகள் சுண்டு. குழந்தைகள் காப்பகத்தைப் பழுதுபார்ப்பதற்காக மூன்று வாரம் மூடுகிறார்கள். திங்கள் முதல் சுண்டு பகலெல்லாம் மாமா வீட்டில்தான். ஒரு மாதத்துக்கு முன் பேசி முடித்த ஏற்பாடு அது. அப்போது இந்த வீட்டில் நாய் இல்லை.

நண்பர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். வயது நான்கு இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். முன்பிருந்த வீட்டில் குழந்தைகள் இருந்தார்களா? கேட்கவில்லையாம். கேட்பானேன்? முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா? நற்சான்றுக்காரருடைய ஆய்வு முறை இதுதான்: முகத்தைப் பார்ப்பது. அதிலும் பாருங்கள், நாய் வந்த நாள் முதல் அவருடைய பேச்சில் நாய் ‘அவன்’, மருமகள் ‘அது’.

“அத கீழ விடு. எவ்ளோ நேரம் தூக்கி வச்சிருப்ப? அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்.”

பக்கத்துத் தையல் அறையில், இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல் அண்ணி சொன்னாள்: “என் செருப்பு காணாம போறதுக்கு முந்தின நாளும் இதையேதான் சொன்னாரு.”

தங்கை மகளை இறக்கிவிட்டாள். அவளுடைய பாவாடை நாடாவை மட்டும் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். நாய் மூலையில் தன் கிண்ணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சுண்டு ஓரடி வைத்தாள், இன்னும் ஓரடி வைத்தாள், குந்தி உட்கார்ந்து கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினாள். மெல்லுவது நின்றது. உடம்பு விறைத்தது. ஆடிக்கொண்டிருந்த வால் அசையாமல் நின்றது. கடைக்கண்ணில் வெள்ளை தெரிய, தொண்டைக்குள்ளிருந்து தாழ்வாக ஒரு ஒலி வந்தது.

“பாத்தியா, எவ்ளோ அமைதியா இருக்கான்” என்றார் நற்சான்றுக்காரர்.

அவர் முடிப்பதற்குள் சுண்டு மறுபடியும் இடுப்பில் இருந்தாள்.

“அண்ணா, அது உறுமிச்சு.”

“உறுமலா? அவன் பேசுறான்.”

இந்த இனத்தின் அகராதியே தனி. உறுமினால் பேச்சு. மேலே பாய்ந்தால் பாசம். துணியைக் கவ்வி இழுத்தால் விளையாட்டு. ரத்தம் வந்தால்? ‘நீங்க பயந்தீங்க, அதான்.’ அகராதியும் கைகொடுக்காத இடத்தில் அவரிடம் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. அதையும் எடுத்தார். முகம் தொங்கிப்போயிற்று. தூக்கி வளர்த்த அண்ணன்மீதே நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். நாயைப் பற்றிய கேள்வி இரண்டே நொடியில் அண்ணனைப் பற்றிய கேள்வியாகிவிட்ட நேர்த்தியைக் கவனியுங்கள். இதற்குப் பதில் சொல்லித் தப்பித்த தங்கை எவளும் இல்லை.

இவள் கணக்குப் போட்டாள். வேண்டாமென்று கிளம்பினால் நாளைக் காலை குழந்தையை விட வேறு இடமில்லை. சரியென்று விட்டால், பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுகொண்டு அந்தத் தாழ்ந்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேசைமேல் அண்ணனின் அலுவலகப் பை திறந்து கிடந்தது. வெற்று ஆய்வுப் படிவம் ஒன்றை உருவி அவர்முன் வைத்தாள்.

“உன் மேல நம்பிக்கை இருக்குண்ணா. அதனாலதான் கேக்குறேன். எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு. நாளைக்கே விட்டுட்டுப் போறேன்.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். படிவத்தைக் கண்டால் நிரப்பாமல் இருக்க முடியாத கை அது. முந்தைய வரலாறு? பேனா சற்றுத் தயங்கி, ‘தெரியவில்லை’ என்றது. முழுச் சுமையில் சோதித்த நாள்? ஒரு கோடு. எச்சரிக்கை மணி இயங்குகிறதா?

“மணி அடிச்சுது, நீயும் கேட்ட” என்றாள் தங்கை. “லிப்ட்ல ஆள் அதிகமாகி மணி அடிச்சா, லிப்ட் பேசுதுன்னா எழுதுவ?”

தையல் இயந்திரம் நின்றது.

சிரிப்பு குறைந்துவிட்டது, கை மட்டும் ஓடியது. கடைசிக் கட்டம்: சிறு குழந்தைகள் பெரியவர் துணையின்றி இருக்கலாமா? இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கட்டத்தில் ஒரே சொல்லைத்தான் அவர் எழுதிவந்திருக்கிறார். வாய் தடுப்பதற்குள் கை எழுதிவிட்டது: ‘கூடாது’.

எழுதியதைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். கீழே தன் கையெழுத்துக்காக இருந்த வெற்றிடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார்.

“இதுல கையெழுத்துப் போட முடியாது” என்றார், கட்டடக்காரர்களிடம் பேசும் அதே குரலில். “போய் அளவு நாடாவ எடுத்துட்டு வா.”

மாலைக்குள், சுண்டு பகலில் அண்ணியோடு இருக்கப்போகும் தையல் அறை வாசலில் இடுப்பளவுத் தடுப்புக் கதவு முளைத்தது. சுண்டுவுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். கிண்ணம் பின்கட்டுக்குப் போயிற்று. நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக் கூடாதென்றும், கூடத்தில் நாயும் குழந்தையும் சேர்ந்திருந்தால் ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றும், உறுமினால் நாயை அதட்டாமல் குழந்தையை விலக்க வேண்டும் என்றும் சுவரில் அறிவிப்பு தொங்கியது. அண்ணி அதைப் படித்துவிட்டு, அவர் பேச்சிலிருந்து தப்பிக்கத் தனக்கும் இப்படி ஒரு கதவு கிடைக்குமா என்று கேட்டாள். சுண்டு திங்கட்கிழமை வந்தாள். மூன்று வாரமும் பத்து விரலோடு வந்து, பத்து விரலோடு போனாள்.

நற்சான்றுக்காரர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இப்போது அவர் ஊரிலுள்ள நாய்க்காரர்களையெல்லாம் நிறுத்தி, “சோதிச்சீங்களா?” என்று கேட்கிறார், இதெல்லாம் தான் கண்டுபிடித்தது என்கிறார். தங்கை மறுப்பதில்லை.

அது போகட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்கேனும் ஓரிடத்தில், ‘எல்லாம் சரி, ஆனா எங்க வீட்டு நாய் அப்படி இல்ல’ என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும்போது குழந்தையை இடுப்பிலும் படிவத்தைக் கையிலும் எடுத்துவருகிறோம்.